ரப்பர் குழாயின் மறுமுனை

என் வீட்டுக்காரருக்கு நான் ஒருத்தி மட்டும் இல்லை. இன்னொருத்தி வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட்டில் நிற்கிறாள். வயதில் என்னைவிட மூத்தவள், எடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நீளமான மூக்கு, நான்கு கதவு, விளக்கைப் போட்டால் திறந்து அணைத்தால் மூடிக்கொள்ளும் இமைகளோடு இரண்டு கண்கள். தெருவில் அவளைக் கப்பல் என்பார்கள். நான் சக்களத்தி என்பேன். அவர் மட்டும்தான் மரியாதையாகக் கார் என்று சொல்வார்.

கல்யாணமான புதிதிலிருந்தே எனக்கும் அவளுக்கும் ஆகாது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், அவளால் எங்களுக்குள் பேச்சு குறைந்ததில்லை. அவர் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி ஏதாவது கேட்பார், நான் சமையலறை ஜன்னலில் நின்று பதில் சொல்வேன். ஜன்னலுக்கும் ஷெட்டுக்கும் நடுவே துணி காயப்போடும் கொடி ஒன்றுதான். பாதி குடும்பம் அந்தக் கொடியின் மேலேயே நடந்தது என்று சொல்லலாம். பேசுவது நீயா காரா என்று குழப்பமாக இருக்கிறது என்பார், குரல் கரகரப்பாக இருந்தால் அது நீ என்பார்.

என்னை அவர் கூப்பிடுவது சிஸ்டர் என்று. சிரிக்க வேண்டாம். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். கார் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த இவர், என்ஜின் காத்தாடியின் பெல்ட்டில் விரலைக் கொடுத்துவிட்டு அங்கே வந்தார். நான் தையல் போட உதவிக்கொண்டிருந்தபோது வலி தாங்காமல் சிஸ்டர் சிஸ்டர் என்று புலம்பியவர், அதற்குப் பிறகு அதை விடவே இல்லை. கடையில் நாலு பேர் முன்னால் பை எங்கே சிஸ்டர் என்பார். கடைக்காரர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். எனக்கு மானம் போகும். போனாலும் உள்ளுக்குள் பிடிக்கும்.

கடைசி இரண்டு வருஷமாக அந்தச் சிஸ்டர் காணாமல் போயிருந்தது. முட்டி வலி என்று சொல்லி அவர் பட்டறைக்குப் போவதை நிறுத்தினார். நானும் அந்தச் சமயத்தில்தான் ஓய்வு பெற்றேன். இனிமேலாவது நாள் பூராவும் பேசிக்கொண்டிருக்கலாம் என்று ஆசைப்பட்டேன். நடந்ததோ வேறு. எதைக் கேட்டாலும் ஒரு ‘ம்’. கொஞ்சம் தாராளமாக இருந்தால் சரி, பார்க்கலாம், உன் இஷ்டம். போன் அடித்தால் எடுத்து என் பக்கம் நீட்டிவிடுவார். யாராவது வீட்டுக்கு வந்தால் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு ஷெட்டுக்கு நழுவிவிடுவார். கொடிக்கு மேலே நான் கத்திய கேள்விகள் எல்லாம் துணியோடு துணியாகக் காய்ந்துகொண்டிருந்தன. எத்தனை நாள்தான் ஒருத்தி சுவரோடு பேசுவாள்? நானும் வாயைக் கட்டிக்கொண்டேன்.

என் அக்கா வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களைத் தன் பெரிய வீட்டில் வைத்துக் கவனிக்கத் தொடங்கியிருந்தாள். நீ வந்தால் எனக்கு ஒரு கை, உனக்கும் பேச்சுத் துணை, வந்துவிடு என்று போனில் நச்சரித்தாள். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நாளுக்கு இல்லை, அங்கேயே இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன் என்று விண்டு சொன்னேன். அவர் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"சரி. உனக்கு எது நல்லதோ அதைச் செய்" என்றார். எழுந்து கை கழுவிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

ஏன், எதற்கு, நான் என்ன ஆவேன் என்று ஒரு கேள்வி வேண்டாமா? மறுநாளே டிக்கெட் எடுத்தேன். வழக்கமாக வெளியே கிளம்பும்போது போயிட்டு வரேன் என்றுதான் வாயில் வரும். அந்த வாரம் முழுக்க வேண்டுமென்றே, ஞாயிற்றுக்கிழமை நான் போறேன் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அசையவில்லை. அசைந்ததெல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான். டாக்ஸி பிடித்துக்கொள்கிறேன் என்றபோது மட்டும், வேண்டாம், என் காரில் நான்தான் கொண்டுபோய் விடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். என்னை அனுப்பிவைப்பதில் இவ்வளவு சுறுசுறுப்பா என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

சக்களத்தியோ கிளம்புகிற நிலையில் இல்லை. ஓடுவாள், நிற்பாள், அதில் குறை ஒன்றும் இல்லை. அவளுடைய சொகுசுகள்தான் படுத்துக்கொண்டன. வைப்பர் சமதரையில் சோம்பலாக ஆடும், மேடு ஏறும்போது நடுக்கண்ணாடியில் நின்றுவிடும். இடது விளக்கின் இமை பாதிதான் திறக்கும், வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளை மாதிரி. டிரைவர் கதவின் பூட்டை அமுக்கினால் மற்ற மூன்று கதவுகளும் டிக்கியும் தாமாகவே பூட்டிக்கொள்ள வேண்டும், அதுவும் நின்று போயிருந்தது. ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒரு பெரிய மேம்பாலம் இருக்கிறது. மழைக்காலம். பாலத்தின் மேட்டில் வைப்பர் நின்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிற மாதிரிதான்.

இந்த மூன்றுக்கும் மூலம் ஒன்று. அந்தக் காலத்து வண்டியில் இதற்கெல்லாம் கரண்ட் கிடையாது. ஓடுகிற என்ஜின் காற்றை உள்ளே இழுக்கும். அந்த இழுவையைத்தான் வாக்குவம் என்கிறார்கள். அதை ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்து, விரல் தடிமனுள்ள ரப்பர் குழாய்கள் வழியாக வைப்பருக்கும் இமைக்கும் பூட்டுக்கும் கொண்டு போகிறார்கள். எங்கேயாவது ஓர் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து எல்லா இடத்திலும் இழுவை குறைந்துவிடும். எனக்கு இது புரியாத வித்தை இல்லை. வார்டில் சளி உறிஞ்சும் மெஷினும் இதே வகைதான். ஒரு மூட்டு தளர்ந்தால் போதும், மெஷின் பாட்டுக்கு உறுமும், குழாயில் ஒன்றும் ஏறாது.

கசிவைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு முறை உண்டு. என் பழைய ஸ்டெதாஸ்கோப் ஒன்றை எப்போதோ எடுத்துக்கொண்டு போய், நெஞ்சில் வைக்கும் வட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் நீளமான ரப்பர் குழாய் ஒன்றைச் செருகியிருந்தார். காதில் மாட்டிக்கொண்டு குழாயின் மறுமுனையை ஒவ்வொரு மூட்டாக நகர்த்திக்கொண்டே போவார். கசிகிற இடத்தில் சீறல் கேட்கும். நான் கொண்டுபோன டீ ஆறுவதற்குள் ஆளைப் பிடித்துவிடுவார். நன்றாக இருப்பதைக் கழற்றாதே என்பது அவருடைய கொள்கை. பட்டறையில் இதற்காகவே அவரிடம் வண்டி கொண்டுவருவார்கள்.

அந்த வாரமோ அவர் கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றினார். என்ஜின் பக்கத்துக் குழாய் பூராவும் புதிது. இழுவை திரும்பிப் போகாமல் தடுக்கும் ஒருவழி வால்வு புதிது. வைப்பர் மோட்டாரைப் பிரித்து உள்ளே இருந்த தோல் பட்டையை மாற்றினார். தகர டப்பாவைக் கூட இறக்கித் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. வீட்டுக்குள் வந்து என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக வேலையை இழுத்தடிக்கிறார் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு விடவில்லை, அக்காவிடம் போனில் சொல்லி மூக்கையும் சிந்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பெட்டிகள் இரண்டும் டிக்கியில் ஏறிவிட்டன. அவரே தூக்கி வைத்தார். பிறகு மறுபடி பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. டாக்ஸிக்குச் சொல்லப்போகிறேன் என்று அறிவிப்பதற்காக ஷெட்டுக்குப் போனேன். போகும்போது டீயும் எடுத்துக்கொண்டு போனேன். கோபம் வேறு, டீ வேறு.

ஷெட் வாசலிலேயே அந்தச் சத்தம் காதில் விழுந்தது. என்ஜின் உறுமலுக்கு மேலே, மெல்லிசாக, விடாமல் ஒரு சீறல். எனக்கு அது புதிது இல்லை. பல மாதமாகச் சமையலறை ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம்தான். அவருக்குத் தெரியாமலா இருக்கும், அது அவர் தொழில், என்னிடம் கேட்டாரா நான் போய்ச் சொல்ல, என்று விட்டிருந்தேன்.

அவர் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு, உள்ளே டாஷ்போர்டுக்குக் கீழே குழாயின் முனையை நகர்த்திக்கொண்டிருந்தார். முனை இடது பக்கமாகப் போகப் போகச் சீறலுக்கு நெருங்கியது. எனக்கே தெரிந்தது. இதோ பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் கை நிற்கவில்லை. அந்த இடத்தைத் தாண்டிப் போயிற்று. திரும்பி வந்து மறுபடி தாண்டியது.

"இங்கேயும் ஒண்ணும் இல்ல" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கையை நீட்டி என்ஜினை அணைத்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான் பின்னால் நின்று என்னங்க என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு மூக்கு நுனியில் கோபம் ஏறும். அன்றைக்கு ஏறவில்லை, கை தானாக எழுந்தது. வார்டில் வயதானவர்களுக்குச் செய்வோம், காதுக்குப் பக்கத்தில் விரல்களை உரசிப் பார்ப்பது. அவர் வலது காதுக்குப் பின்னால் உரசினேன். பிறகு இடது. அவர் எதிரே இருந்த ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ கிளாஸைத் தரையில் வைத்தேன். தகரத்தை அடித்து அடித்துக் காது போகிறவர்களுக்கு முதலில் போவது மெல்லிய கீச்சுச் சத்தங்கள்தான். சீறல் போகும், விசில் போகும், மனைவியின் குரல் போகும். கனத்த உறுமல் மட்டும் மிஞ்சும். இதை நான் எத்தனை பேருக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறேன். ஊரார் காதையெல்லாம் பார்த்த எனக்கு, வீட்டில் இரண்டு வருஷமாக எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதரின் காது தெரியவில்லை. அவர் என்னை அலட்சியம் செய்கிறார் என்று கணக்குப் போட்டு, மூட்டையும் கட்டிவிட்டேன்.

கோபம் வந்தது. முதலில் என் மேல், பிறகு அவர் மேல். அவர் மேல்தான் அது வசதியாக உட்கார்ந்தது.

சுற்றிப் போய் அவர் முகத்துக்கு நேராக, என் உதடு தெரியும்படி நின்றேன்.

"எவ்வளவு நாளா?"

"எது?"

"காது."

அவர் ஸ்டெதாஸ்கோப்பை மெதுவாகச் சுருட்டத் தொடங்கினார். சுருட்டி முடித்துவிட்டு மறுபடி பிரித்தார். பிறகு சொன்னார். ஒரு குடும்பம் தூரப் பயணத்துக்கு முன்னால் வண்டியைக் கொண்டுவந்ததாம். இவர் காது கொடுத்துக் கேட்டு, என்ஜின் நன்றாக இருக்கிறது என்று அனுப்பினாராம். என்ஜினுக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம் இருந்திருக்கிறது. நடு வழியில், கைக்குழந்தையோடு, ஆள் அரவம் இல்லாத ரோட்டில் நின்றுபோனார்களாம். பட்டறைக்காரர் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து இவர் பார்த்த ஒவ்வொரு வண்டியையும் இவருக்குத் தெரியாமல் இன்னொருவர் கேட்டுப் பார்த்திருக்கிறார். அது இவர் கண்ணில் பட்டுவிட்டது. அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டார்.

"முட்டின்னு சொல்லிட்டேன். காதுன்னு சொல்ல வாய் வரல."

"அப்போ நான் தினமும் உட்கார்ந்து தைலம் தேய்ச்ச முட்டி?"

"அது நல்லாத்தான் இருந்துது" என்றார். கொஞ்சம் யோசித்து, "நீ தேய்க்கறது இன்னும் நல்லா இருந்துது" என்றார்.

அந்த இடத்தில் சிரித்திருந்தால் எல்லாம் அப்போதே முடிந்திருக்கும். நான் சிரிக்கவில்லை. என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிறது, உன்னை ரயில் ஏற்ற வேண்டும் என்றார். இவ்வளவுக்குப் பிறகும் ரயில்தான் இவருக்குப் பெரிதாகத் தெரிகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரயிலாவது மண்ணாவது.

"என்ஜினைப் போடுங்க. உங்களுக்குக் கேக்கலன்னா எனக்குக் கேக்குது" என்றேன்.

அவர் மறுக்கப் பார்த்தார். என் முகத்தில் பழைய வார்டு சிஸ்டரைப் பார்த்திருக்க வேண்டும், பேசாமல் என்ஜினைப் போட்டார்.

கருவிப் பெட்டியிலிருந்து ஒரு கிடுக்கியை எடுத்தார். அதுவும் என்னுடையதுதான், ரத்தக் குழாயை நெரித்துப் பிடிக்கிற கிடுக்கி, பல்லில் துணி சுற்றி வைத்திருந்தார். என் சாமான்களில் இன்னும் என்னவெல்லாம் இந்த ஷெட்டில் இருக்கிறதோ தெரியாது. அவர் ஒவ்வொரு குழாயாக நெரித்துப் பிடிக்க வேண்டும், சீறல் நின்றால் நான் கையைத் தூக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அவர் குனிந்து வேலை செய்யும்போது என் கை அவர் கண்ணில் படாது என்பதால், கடைசியில் அவர் முதுகில் ஒரு தட்டு என்று முடிவாயிற்று.

முதலில் என்ஜினை ஒட்டிய தாய்க்குழாயை நெரித்தார். சீறல் நின்றது. தட்டினேன். கிடுக்கியை எடுத்தார், மறுபடி சீறியது. ஆக என்ஜின் பக்கம் குற்றம் இல்லை. அதற்கு அப்பால் மூன்று கிளை. வைப்பருக்குப் போகிற குழாயை நெரித்தார். சீறல் நிற்கவில்லை. அவர் முதுகு காத்திருந்தது, நான் தட்டவில்லை. இமைக்குப் போகிற குழாய். அதற்கும் நிற்கவில்லை. கதவுப் பூட்டுகளுக்குப் போகிற குழாயை நெரித்ததும் சுவிட்சை அணைத்த மாதிரி சத்தம் அடங்கியது. ஆர்வத்தில் கொஞ்சம் பலமாகவே அறைந்துவிட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பூட்டுக் குழாயா என்று கேட்டார், நம்பாமல். ஒரு வாரமாக வைப்பரைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியவர் அவர். பூட்டு வேலை செய்யாதது தனி நோய், முதலில் வைப்பரைப் பார்ப்போம் என்று ஒத்திப்போட்டிருந்தாராம். பூட்டுக் குழாயில் போன காற்றுதான் வைப்பரையும் இமையையும் சேர்த்துப் பட்டினி போட்டிருக்கிறது.

அதற்குப் பிறகு நான்தான் முன்னால் போனேன். சீறலைப் பிடித்துக்கொண்டே டாஷ்போர்டைக் கடந்து, கம்பளத்தைக் கடந்து, இடது பக்க முன் கதவில் போய் நின்றேன். நான் உட்காருகிற சீட்டின் கதவு. அவர் என்ஜினை அணைத்துவிட்டு வந்து திருகாணிகளைக் கழற்றி உள்பக்க அட்டையை எடுத்தார். உள்ளே, பூட்டை இழுக்கிற சின்னக் கிண்ணத்திலிருந்து குழாய் கழன்று, வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது.

அவர் குழாயைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். எனக்குக் கதவை அறைந்து சாத்துகிற பழக்கம் உண்டு. இந்த இரண்டு வருஷமாக, கேட்டதற்குப் பதில் வராத கோபத்தில் இன்னும் கொஞ்சம் பலமாக.

"என்ன பார்வை?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல. நல்ல கதவு. இவ்வளவு தாங்கியிருக்கு."

வெடித்துப்போன நுனியைக் கத்தியால் நறுக்கிவிட்டு, மிச்சக் குழாயில் எச்சில் தொட்டுக் கிண்ணத்தின் மூக்கில் அழுத்தி ஏற்றினார். மேலே மெல்லிய கம்பியைச் சுற்றி முறுக்கினார். நான் போய் என்ஜினைப் போட்டேன். சீறல் இல்லை. வைப்பரைப் போட்டார், கண்ணாடியில் விறுவிறுவென்று ஆடியது. விளக்கைப் போட்டார், இரண்டு இமையும் ஒன்றாகத் திறந்தன. சக்களத்தி தூங்கி எழுந்து என்னைப் பார்ப்பது போல் இருந்தது. டிரைவர் கதவின் பூட்டை அமுக்கினார். டொப் என்று எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. அந்தச் சத்தம் அவருக்கு எட்டவில்லை. ஆனால் பின் கதவின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். கையில் உணர்ந்திருக்க வேண்டும், முகம் அப்படி விரிந்தது. பூட்டைத் தூக்கிவிட்டு மறுபடி அமுக்கினார். சின்னப் பிள்ளை மாதிரி நாலைந்து தடவை செய்தார். என் கோபத்தைக் கட்டிக்காப்பது கஷ்டமாக இருந்தது.

இடது முன் கதவைத் திறந்து வைத்து என்ஜினை அணைத்தார். அணைத்தாலும் டப்பாவில் இழுவை மிச்சம் இருக்குமாம், அமைதியில் ஒரு தடவை கடைசியாகக் கேட்டுவிட வேண்டுமாம். காதே கேட்கவில்லை, எதைக் கேட்கப் போகிறார் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பழகின கை, அது சும்மா இருக்காது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டார். குழாயின் மறுமுனையை என்னிடம் கொடுத்து மூட்டுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். நான் திறந்திருந்த அந்தக் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தபடி தரையில் குந்தி உட்கார்ந்தேன். எங்களுக்கு நடுவே என் சீட்டு இருந்தது. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவருக்குத் தெரியாது.

பிடித்துக்கொண்டிருந்தேன். ஷெட் ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்தது. வண்டி தயார். இனிமேல் கிளம்ப வேண்டியதுதான். அது தோன்றியதும் என் கண் நிறைந்துவிட்டது. கையால் துடைத்துக்கொண்டேன். துடைத்த கையில்தான் குழாய் இருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவருக்குத்தான் கேட்காதே என்ற தைரியத்தில், கதவைப் பார்த்துப் புலம்பினேன்.

"போறேன் போறேன்னு எத்தனை தடவை சொன்னேன். போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன, முத்து உதிர்ந்துடுமா? ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் பார்த்துக்கிட்டேன். உங்களைப் பார்த்துக்க மாட்டேனா? நீங்க இல்லாம அங்கே போய் நான் யாரோட சண்டை போடறது?"

சீட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"கேக்குது."

"என்ன கேக்குது? அதான் கசிவே இல்லையே" என்றேன்.

"நீ பேசறது கேக்குது, சிஸ்டர்."

கையில் இருந்த குழாயைப் பார்த்தேன். அதன் வாய் என் உதட்டுக்குக் கீழேயே இருந்தது. நான் புலம்பியதையெல்லாம் அது நேராக அவர் காதுக்குள் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது. வெட்கமாகப் போய்விட்டது. எறிந்துவிடலாமா என்று நினைத்தேன். எறியவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கத்திலிருந்து அவர் பேசத் தொடங்கினார். இரண்டு வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

"காலம் பூரா நோயாளிங்களோட கிடந்தே. ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்தா இங்கேயும் ஒருத்தன் உட்கார்ந்திருக்கானேன்னு நெனைச்சேன். நீ பேசுவே, நான் முழிப்பேன். உன் முகம் வாடிப்போறதப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். அக்காகிட்ட போனா ஒரு பேச்சுத் துணையாவது கிடைக்குமே. என்கிட்ட அதுகூட இல்லையே. அதான் சரின்னேன். கொண்டுபோய் விடறதாவது என் கையால இருக்கட்டும்னுதான் இதோட கட்டிப் புரண்டேன்."

இந்த மனிதரை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்பது ஈரத் தரையில், கால் மரத்துப்போன நிலையில், ஒரு கார் கதவின் குடலுக்கு எதிரே குந்தியிருக்கும்போது தெரிய வேண்டுமா? குழாயை வாயோடு வைத்துக்கொண்டு, இப்போ என்ன சொல்றீங்க என்று மட்டும் கேட்டேன்.

"போகாதே" என்றார்.

கூரையில் மழை வலுத்தது. இந்த மழைக்கு நடுவே எட்டுமோ எட்டாதோ என்று சந்தேகமாக இருந்தது. குழாயின் வாயைச் சுற்றி இரண்டு கையையும் குவித்துக்கொண்டேன்.

"டிக்கியத் திறந்து பெட்டியை இறக்குங்க. அக்காகிட்ட நான் பேசிக்கறேன். நாளைக்குக் காலையில காது டாக்டர்கிட்ட போறோம். சாக்குப்போக்கெல்லாம் நடக்காது. மழை கொட்டினாலும் போறோம்."

"கொட்டட்டும்" என்றார் அவர். "அதான் வைப்பர் ஓடுதே."